மருத்துவர்கள் தமக்கு வேண்டாம் என்பது

மீள முடியாத நோயின் கடைசிக் கட்டத்தில் இதயம் நின்றுபோனால், மார்பை அழுத்தி அதை மறுபடி ஓடவைக்க வேண்டுமா? அமெரிக்காவில் 2013இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்களிடம், அவர்களையே நோயாளியாக நினைத்துக்கொள்ளச் சொல்லி இதைக் கேட்டார்கள். 88.3 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். ஸ்டான்ஃபோர்டின் வி. ஜே. பெரியகோயில் குழுவினர் நடத்திய ஆய்வு அது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1948 முதல் 1964 வரை மருத்துவம் படித்து வெளியேறியவர்களை முதுமை வரை தொடர்ந்த ஆய்விலும் பெரும்பாலோர் சொன்னது இதுதான்: மூளை மீளாதபடி பழுதானால் செயற்கைச் சுவாசம் வேண்டாம், டயாலிசிஸ் வேண்டாம், வலிக்கு மருந்து போதும்.

ஆனால் வார்டில் பிறருக்கு இவை எல்லாவற்றையும் செய்பவர்களும் மருத்துவர்களே. மார்பை அழுத்தும்போது முதியவர்களின் விலா எலும்பு முறிவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்றவர்களில்கூட ஏறக்குறைய ஐவரில் ஒருவர்தான் வீடு திரும்புகிறார். நாமோ தொலைக்காட்சியில் பார்த்தவர்கள். அமெரிக்கத் தொடர்களை எண்ணிப் பார்த்து 1996இல் வெளியான ஆய்வொன்றில், திரையில் மூன்றில் இருவர் பிழைத்தார்கள்.

மருத்துவ மாணவரை முதல் நாளிலிருந்து ஏதாவது செய்யத்தான் பழக்குகிறார்கள். செய்யாமல் விடுவதைப் பற்றி நோயாளியிடம் பேசப் பழக்குவது குறைவு. பேச்சே நடக்காத இடத்தில் இயந்திரங்கள் தாமாக வந்துவிடுகின்றன. இதயத்தை மீட்க வேண்டாம் என்று விரும்பிய நோயாளிகளின் மனம் அவர்களுடைய மருத்துவர்களில் பாதிப் பேருக்குக்கூடத் தெரியவில்லை என்று 1995இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது.

ஈழத்தமிழர் நிறைந்த தெற்கு லண்டனின் நோர்பரியில் இந்த மௌனம் இன்னும் கனமானது. “அம்மாவிட்டச் சொல்லிப்போடாதேங்கோ டொக்டர்” என்று மகள் கேட்பதும், மகனே மொழிபெயர்ப்பாளனாகி நோயின் பெயரை விழுங்கிவிடுவதும் அன்பினால்தான். அம்மாவால் பேச முடியாமல் போனால் பிள்ளைகள் முடிவெடுப்பார்கள் என்று எல்லோரும் நம்பியிருக்கிறோம். இங்கிலாந்துச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் மருத்துவர் கருத்துக் கேட்பார். அம்மா முன்பே முறைப்படி அதிகாரம் எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய, முடிவு அவர்கள் கையில் இல்லை.

அம்மாவின் சொல்லுக்கே வலிமை தரும் வழி ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம், 18 வயது நிரம்பிய, முடிவெடுக்கும் திறனுள்ள எவரும் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க அனுமதிக்கிறது. மக்கள் லிவிங் வில் என்பது இதைத்தான். உயிர்காக்கும் சிகிச்சையை மறுப்பதானால் எழுத்தில் இருக்க வேண்டும். கையொப்பமும் சாட்சியும் வேண்டும். உயிருக்கே ஆபத்தானாலும் இது பொருந்தும் என்ற வாசகமும் வேண்டும். அந்த வாசகம் விடுபட்டால் அந்த மறுப்பு மருத்துவரைக் கட்டுப்படுத்தாது. இந்தியாவிலும் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9இல் இத்தகைய உயிலை ஏற்றது; 2023இல் நடைமுறையை எளிதாக்கி, சாட்சிகளோடு நோட்டரி முன்னிலையில் கையொப்பமிட்டாலே போதும் என்றது.

இதை எழுதினால் கைவிட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களை நான் நன்றாகப் புரிந்துகொள்கிறேன். ஆனால் உடலைச் சுத்தமாக, கதகதப்பாக வைத்திருப்பதையும், வாய்வழி உணவும் நீரும் தருவதையும் இந்த உயிலால் மறுக்கவே முடியாது. நோர்பரிக்குப் பக்கத்திலேயே, சிடன்ஹாமில், சிசிலி சாண்டர்ஸ் 1967இல் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம் இருக்கிறது. நோயைத் தீர்க்க முடியாத கட்டத்திலும் வலியைத் தீர்க்க நிறைய இருக்கிறது என்று உலகத்துக்குக் கற்றுத்தந்த இடம் அது.

எழுதியதை அலமாரியில் பூட்டி வைத்தால் பயனில்லை. நள்ளிரவில் வரும் ஆம்புலன்ஸ்காரருக்கு அது கண்ணில் படாவிட்டால் அவர் மார்பை அழுத்தத்தான் தொடங்குவார். ஒரு பிரதி குடும்ப மருத்துவரிடம் இருக்கட்டும், இன்னொன்று பிள்ளைகளிடம். கொடுக்கும்போது அந்த மருத்துவரிடமே, “என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன எழுதுவீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள்.