வைக்கோலா, நெல் மூட்டையா? ‘சுகோய்-7’ கூறும் பாடம்

தஞ்சையை அடுத்த விமானப்படைத் தளத்திலிருந்து இரட்டை எஞ்சின் பொருத்திய பெரிய விமானங்கள் இடியோசையுடன் கிளம்புவதைக் காவிரிப் படுகை மக்களில் பலர் கண்டிருப்பீர்கள். அவை 222-ஆவது படையணியின் ‘சுகோய்-30’ விமானங்கள். 2020 ஜனவரியில் இப்படையணி தஞ்சையில் பணியேற்றது. ஆனால் அதன் வரலாறு இங்குத் தொடங்கியதன்று. 1969-இல் அது தோன்றியபோது அதற்கு அளிக்கப்பட்டவை ‘சுகோய்-7’ என்னும் தாக்குதல் விமானங்களாகும். அவ்விமானத்தின் கதை, பறத்தலைப் பற்றிய ஓர் அடிப்படை உண்மையை நமக்கு உணர்த்துகிறது.

தொழில் மாறிய விமானம்

சோவியத் நாட்டின் பாவெல் சுகோய், பகை விமானங்களுடன் வானில் போரிடுவதற்கென்றே முதலில் இதனை வடிவமைத்தார். இதன் முன்மாதிரி 1955 செப்டம்பரில் பறந்தது. ஆனால் வான்போர்ப் பணிக்கு வேறு விமானங்கள் வந்துவிட்டன. தரையிலுள்ள இலக்குகளைக் குண்டு, ராக்கெட், பீரங்கி ஆகியவற்றால் தாக்கும் வேலைக்கு இது மாற்றியமைக்கப்பட்டது. இதன் ஒரு வகையை இந்தியா 1968 முதல் பெற்றது. ஆறு படையணிகள் இதனைப் பயன்படுத்தின.

வேகத்திற்காகப் பிறந்ததால் இதன் இறக்கைகள் 60 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருந்தன. ஒலியின் வேகத்தை நெருங்கும்போதும் கடக்கும்போதும் ஏற்படும் காற்றுத்தடையை இச்சாய்வு குறைக்கும். மெதுவாகச் செல்லும்போதோ இத்தகைய இறக்கை போதிய தூக்குவிசை தராது. எனவே இவ்விமானம் மேலெழ நீண்ட ஓடுபாதை தேவைப்பட்டது.

எஞ்சினின் பசி

காற்று மூக்கின் வழியே நுழைந்து, உடலுக்குள் நெடுந்தூரம் சென்று எஞ்சினை அடையும். அக்குழாயும் எஞ்சினுமே உடலின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டதால் எரிபொருளுக்கு இடம் குறைந்தது. பசியோ மிகப் பெரிது!

ஏன் என்று பார்ப்போம். ஜெட் எஞ்சினில் காற்று அழுத்தப்பட்டு, எரிபொருளுடன் எரிந்து, சுழலியைச் சுற்றிவிட்டுப் பின்புறமாகச் சீறிப் பாய்கிறது. சுழலியின் இதழ்கள் உருகிவிடாமலிருக்க, எரிவதற்குத் தேவையானதைவிட அதிகமான காற்றை உள்ளே அனுப்புகிறார்கள். ஆகவே வெளியேறும் வாயுவில் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கும். அதில் மீண்டும் எரிபொருளைத் தெளித்து எரிப்பதே ‘பின்னெரிப்பு’ ஆகும். சுகோய்-7 எஞ்சினின் உந்துவிசை இதனால் சுமார் 6,800 கிலோவிலிருந்து 9,600 கிலோவாக உயர்ந்தது. விசை ஒன்றரை மடங்கைக்கூட எட்டவில்லை. எரிபொருள் செலவோ இரு மடங்குக்கும் மேல்!

மாட்டு வண்டிக் கணக்கு

வழியில் தீவனம் கிடைக்காத ஊருக்கு நெல் ஏற்றிச் செல்லும் வண்டியை எண்ணிப் பாருங்கள். மாடுகளுக்கு வேண்டிய வைக்கோலையும் வண்டியிலேயே ஏற்றியாக வேண்டும். தூரம் கூடக்கூட வைக்கோல் கூடும், மூட்டை குறையும். சுகோய்-7 விமானத்திற்கும் இதே நிலைதான். வயிற்றின் அடியில் துணைத் தொட்டிகளைத் தொங்கவிட்டால், குண்டுகளுக்குரிய இடம் பறிபோகும். அப்போது சுமக்க முடிந்தது இரண்டு 500 கிலோ குண்டுகள் மட்டுமே.

போர்க்களத்தில்

1971 டிசம்பர் போரில் இக்கணக்கு உயிர்க்கணக்காயிற்று. ரயில் பாதைகள், விமானத் தளங்கள், டாங்கிகள் ஆகியவற்றை விமானிகள் பகல் வெளிச்சத்தில் தாழப் பறந்து தாக்கினர். பகைவிமானம் துரத்தினால் பின்னெரிப்பை இயக்கித் தப்பலாம். ஆனால் அதை நெடுநேரம் இயக்கினால் தளம் திரும்ப எரிபொருள் மிஞ்சாது. இரண்டு ஆபத்துகளுக்கும் இடையே நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டும்.

இரு வாரப் போரில் சுகோய்-7 விமானங்கள் சுமார் 1,500 முறை பறந்தன. பதினான்கு விமானங்கள் வரை இழக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை தரையிலிருந்து வந்த விமான எதிர்ப்புக் குண்டுகளுக்கு இரையாயின. எனினும் இதன் உடற்கட்டு மிக உறுதியானது. ஏவுகணையால் வால்பகுதி சிதைந்த பின்னரும் ஒரு விமானம் தன் விமானியைப் பத்திரமாகத் தளம் சேர்த்தது.

அன்றும் இன்றும்

1980-களில் சுகோய்-7 ஓய்வு பெற்றது. 222-ஆவது படையணி ‘மிக்-27’ விமானத்திற்கு மாறியது. பின்னர்ச் சில ஆண்டுகள் செயலற்றிருந்து, தஞ்சையில் புத்துயிர் பெற்றது. இன்றைய சுகோய்-30 விமானம் இரண்டரை டன் எடையுள்ள ‘பிரமோஸ்’ ஏவுகணையைச் சுமந்து இந்தியப் பெருங்கடலின் மேல் நெடுந்தொலைவு செல்ல வல்லது. உடல் பெரிதாதலால் எரிபொருளுக்கு இடமுண்டு. போதாதபோது, பறக்கும்போதே மற்றொரு விமானத்திலிருந்து நிரப்பிக்கொள்ளவும் இயலும். அதாவது, வழியிலேயே வைக்கோல் கிடைக்க ஏற்பாடு செய்துவிட்டார்கள்!

ஆயினும் பழைய விதி மாறிவிடவில்லை. வேகம், சுமை, தூரம் ஆகிய மூன்றையும் ஒருங்கே வேண்டிய அளவு தரும் விமானம் இன்றுவரை பிறக்கவில்லை. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைத்தாக வேண்டும். அடுத்த முறை தஞ்சை வானில் அவ்வோசை கேட்கும்போது, அந்த விமானி எவ்வளவு வைக்கோல், எத்தனை மூட்டை எனக் கணக்கிட்டே கிளம்பியிருப்பார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.