எழுத்தணிக் கலைஞருக்கும் ஹக் உண்டு

நிக்காஹ் அழைப்பிதழுக்கோ மதரஸா ஆண்டுவிழா மலரின் அட்டைக்கோ இணையத்திலிருந்து ஓர் அழகிய அரபு எழுத்தணியை எடுத்து அச்சிட்டுவிடுகிறோம். "குர்ஆன் வசனம்தானே, இதில் யாருக்கு உரிமை?" என்று கேட்பவர்களும் உண்டு.

வசனம் அல்லாஹ்வுடையது, அதை எவரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் அந்த எழுத்துகளை வளைத்து, கோத்து, வடிவம் தந்த கலைஞரின் உழைப்பு அவருக்கு உரியது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, ஒருவர் சொந்தமாக வரைந்து முடித்ததுமே உரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. ஓவியர் வாழும் காலம் முழுவதும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும்; வாரிசுகளுக்கும் போய்ச் சேரும்.

ஓர் ஓவியத்தை விலைக்கு வாங்கினால் அந்தப் பிரதிதான் நம்முடையது. அதை நகலெடுத்து விற்கும் உரிமை நமக்கு வராது. ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டபடி கூலிக்கு ஓவியம் வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பதிப்புரிமை பணம் கொடுத்தவருக்கே போகும். ஆர்டர் எடுத்து வரையும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

உரிமையையே விற்றுவிட்டாலும் இரண்டு கலைஞரிடம் எஞ்சும்: படைப்பைத் தன்னுடையது என்று சொல்லும் உரிமை; தன் நற்பெயர் கெடும்படி அதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமை. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்குச் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் அரசு அகற்றியது; அது சிதைந்தது. வழக்கு நீண்டது. 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், எஞ்சியதை அவரிடம் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. எதிர்த்தரப்பு அரசாக இருந்தும் கலைஞரின் ஹக் நிலைநாட்டப்பட்டது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

உயிருள்ளவற்றின் உருவம் வரைவது பற்றிய சட்டம் தனித் தலைப்பு. ஆகுமான படைப்புகளைப் பொறுத்தவரை, ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, 1988-இல் குவைத் அமர்வில், படைப்பாளியின் உரிமை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டது, அதில் அத்துமீறுவது கூடாது என்று தீர்மானித்தது.

எனவே பயன்படுத்துமுன் கலைஞரிடம் அனுமதி கேளுங்கள். கூலி கேட்டால் கொடுங்கள். பெயரைப் போடுங்கள். உரிமையை விற்பதானால் எழுத்தில் எழுதிக் கையொப்பமிடுங்கள். சட்டமும் அதையே கேட்கிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி அல்பகரா 282-ஆம் வசனமும் நமக்குக் கற்றுத் தருகிறது.

பிறர் ஹக்கைப் பேணி வாழ அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.