கடலுக்கடியில் எது நன்றாக வெட்டும்?

மாணவர்களே, தியோமான், ரெடாங் தீவுகளுக்குச் சென்றவர்கள் முக்குளிப்பாளர்களைப் பார்த்திருப்பீர்கள். முதுகில் காற்றுக் கலன், காலில் துடுப்பு, உடையோடு ஒரு சிறிய கத்தி. சுறாவோடு சண்டை போடவா அந்தக் கத்தி? இல்லை. அவர்கள் அஞ்சுவது கைவிடப்பட்ட மீன்வலைகளுக்கும் அறுந்து கிடக்கும் தூண்டில் நரம்புகளுக்கும்தான்.

நைலான் நரம்பு நீருக்குள் எளிதில் கண்ணில் படாது. நைலானின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5, நீரினுடையது 1.33; காற்றினுடையது 1. இரண்டு பொருள்களின் எண்கள் நெருங்கி இருந்தால், அவை சந்திக்கும் இடத்தில் ஒளி குறைவாகவே பிரதிபலிக்கும். அதனால் சிக்கிய பிறகுதான் நரம்பு இருப்பதே தெரியவரும்.

20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப் போல 3 மடங்கு. அங்கே ஒவ்வொரு மூச்சுக்கும் கலனிலிருந்து 3 மடங்கு காற்று செலவாகும். பதறினால் இன்னும் விரைவில் தீரும். ஆகவே, சிக்கியவருக்கு நேரம் குறைவு.

அப்படியானால் பெரிய கத்தி ஒன்று போதுமா? நிலத்தில் நாம் தரையில் காலூன்றி, பலகைமேல் கயிற்றை வைத்து அழுத்தி வெட்டுகிறோம். நீரிலோ நாம் மிதக்கிறோம். கத்தியால் தள்ளினால் தளர்ந்த கயிறு விலகிப் போகும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி நாமும் பின்னே தள்ளப்படுவோம். கயிற்றை ஒரு கையால் இழுத்துப் பிடித்தால்தான் கத்தி வேலை செய்யும்.

கத்தரிக்கோலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் இரண்டு அலகுகளும் எதிரெதிர்த் திசையில் அழுத்துவதால் ஒரு கை போதும். மெல்லிய நரம்புக்கு இன்னொரு கருவி உண்டு: கொக்கி வடிவப் பிளவுக்குள் சிறு பிளேடு பொருத்திய நரம்பு வெட்டி. நரம்பைப் பிளவுக்குள் நுழைத்து இழுத்தால் அறுந்துவிடும். பிளேடு உள்ளே மறைந்திருப்பதால் விரலோ காற்றுக் குழாயோ வெட்டுப்படும் ஆபத்து குறைவு. ஆனால், தடித்த கயிறு அதற்குள் நுழையாது. அதற்கு இரம்பப் பல் கொண்ட கத்தியே ஏற்றது. பல்லின் முனையில் பரப்பளவு சிறியது. அதனால் அழுத்தம் அதிகம். கத்தியின் நுனி மட்டும் மழுங்கியதாக இருப்பது நல்லது.

அடுத்து, உலோகம். துருப்பிடிக்காத எஃகில் உள்ள குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கிக் காக்கிறது. கடல்நீரின் குளோரைடு அயனிகள் அந்தப் படலத்தைச் சிதைக்கும். டைட்டானியம் கடல்நீரில் துருப்பிடிக்காது. ஆனால், அதன் கூர்மை விரைவில் மழுங்கும். எஃகுக் கருவி வாங்கியவர், ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவி உலர்த்த வேண்டும்.

கெண்டைக்காலில் கட்டிய கத்தியிலேயே நரம்பு சிக்கிக்கொள்ளலாம்; கையும் அங்கே எட்டாமல் போகலாம். எனவே, இரு கைகளுக்கும் எட்டும்படி மார்புப் பகுதியிலோ இடுப்பிலோ வைப்பது நல்லது. இரண்டு வெவ்வேறு கருவிகளை இரண்டு இடங்களில் வைத்தால், ஒன்று கைநழுவினாலும் மற்றொன்று உதவும். சிக்கியதும் முதலில் அசையாமல் நின்று, சீராக மூச்சுவிட்டு, உடன் வந்தவருக்குச் சைகை காட்ட வேண்டும். வெட்டுவது அதற்குப் பிறகுதான்.

வீட்டில் ஒரு நூலைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். வெண்ணெய் தடவும் கத்தியால் ஒரு கையால் மட்டும் அறுத்துப் பாருங்கள். பிறகு கத்தரிக்கோலால் வெட்டுங்கள். வேறுபாடு உங்களுக்கே புரியும்.