சூடேறும் சக்கரம்

காஞ்சி மாநகரில் வைகாசித் திங்களில் வரதராசப் பெருமாள் தேரோட்டம் நடைபெறும். தேரை நகர்த்துவது வடம் பிடிப்போரின் வலிமை. அதனை நிறுத்துவது சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடுவோரின் திறமை. கட்டையைத் தக்க நேரத்தில் இடவேண்டும். தேர் நகரவேண்டியபோது தவறாது எடுக்கவும் வேண்டும். பற்றுதல், விடுதல் என்னும் இவ்விரு கடமைகளும் லாரியின் பிரேக்குக்கும் உண்டு.

லாரியின் சக்கரத்தோடு டிரம் என்னும் வார்ப்பிரும்பு வளையம் சுழல்கிறது. அதனுள் பிறை வடிவான இரண்டு கட்டைகள் உள்ளன. அவற்றின்மேல் லைனிங் என்னும் உராய்வுப் பட்டை பொருத்தப்பட்டிருக்கும். ஓட்டுநர் பெடலை மிதித்ததும் கட்டைகள் விரிந்து டிரம்மோடு உராய்கின்றன. ஓட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் 16 டன் லாரியை நிறுத்தும்போது தோன்றும் வெப்பம், ஏறத்தாழ 7 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். ஆதலின், மிதிக்கும்போது பிரேக்கு சூடாவது இயல்பே. மிதிக்காதபோதும் சூடாவதே பழுது.

புதிய பட்டையை மாற்றியபின் இப்பழுது தோன்றுவதுண்டு. பழைய பட்டை தேய்ந்து மெலிந்தது, புதியதோ தடிமனானது. இடைவெளியை மீண்டும் அளந்து சரிசெய்யாவிடின், பட்டை எப்பொழுதும் டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும். முதற்சில ஓட்டங்களில் எல்லாச் சக்கரங்களிலும் சிறிது சூடும் வாடையும் தோன்றலாம். பட்டை டிரம்மோடு படிந்ததும் அவை நீங்கும். ஒரு சக்கரம் மட்டும் மிகுதியாகச் சூடானால், காரணம் தேடவேண்டும்.

தேர்ந்த தொழிலாளர் உடனே மீண்டும் புதுப்பொருள் வாங்க விரையார். சமநிலத்தில் லாரியை நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இட்டு, சூடு ஆறியபின் பழுதான சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்திக் கையால் சுழற்றுவர். சுழலாது இறுகினால், இடைவெளியைச் சற்றுத் தளர்த்துவர். அப்பொழுது தடையின்றிச் சுழன்றால், குற்றம் அளவில் உள்ளது. அப்பொழுதும் உரசினால், கட்டைகளை மீட்டிழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்ததா, கட்டைகளை விரிக்கும் தண்டு இறுகியதா, பேரிங் மிகையாக முடுக்கப்பட்டதா என ஒவ்வொன்றாக ஆராய்வர். பெடலை மிதித்து விட்டபின் மட்டும் இறுகினால், உள்ளே சென்ற காற்று வெளியேறாமல் நிற்கின்றதா என்று நோக்குவர்.

இச்சூட்டைப் புறக்கணித்தல் தகாது. மிகையாகச் சூடேறிய பட்டை பற்றும் வலிமையை இழக்கும். இறக்கத்தில் ஓட்டுநர் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நில்லாது. டயரும் தீப்பற்றக்கூடும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினாலோ, டிரம் வெடித்துவிடலாம்.

காஞ்சியின் நெசவாளர் பாவை அளவறிந்தே இழுத்துக் கட்டுவர். மிகுந்தால் இழை அறும்; குறைந்தால் நெசவு சீர்கெடும். பொருள் புதிதாயிருப்பது மட்டும் போதாது. அதனைப் பொருத்தும் கை அளவை அறிந்திருத்தல் வேண்டும். சாலையில் செல்வோர் பலரின் உயிர் அந்த அளவை நம்பியிருக்கிறது.