கடன் மறுசீரமைப்பு

கடன் மறுசீரமைப்பு என்பது, பொருளாதார நெருக்கடியால் தவணை செலுத்த இயலாத கடன்தாரருக்காக, வங்கி அல்லது நிதி நிறுவனம் கடனின் நிபந்தனைகளை மாற்றியமைப்பதாகும். வேலையிழப்பு, நோய், தொழில் நட்டம், குடும்பத்தில் வருமானம் ஈட்டுபவரின் இறப்பு ஆகியவை இதனைக் கோருவதற்கான பொதுவான காரணங்கள். இது கடன் தள்ளுபடி அன்று. இந்தியாவில் வங்கிகள் ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளுக்கு உட்பட்டு, ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியே பரிசீலித்து முடிவெடுக்கின்றன. எனவே இதனைக் கடன்தாரரின் உரிமை எனக் கொள்ள இயலாது.

வடிவங்கள்

• திருப்பிச் செலுத்தும் காலத்தை நீட்டித்தல்
• சில மாதங்களுக்குத் தவணையை ஒத்திவைத்தல்
• வட்டி விகிதத்தைக் குறைத்தல்
• நிலுவை வட்டியைத் தனிக் கடனாக மாற்றுதல்

சலுகையின் விலை

தவணை குறையும்போது மொத்த வட்டி பெரும்பாலும் கூடுகிறது. எடுத்துக்காட்டாக, 9% வட்டியில் 20 இலட்சம் ரூபாய் வீட்டுக்கடன் 15 ஆண்டுகளுக்கு நிலுவையில் இருந்தால் மாதத் தவணை ஏறத்தாழ 20,285 ரூபாய். காலத்தை 20 ஆண்டுகளாக நீட்டித்தால் தவணை 17,995 ரூபாயாகக் குறையும். மாதம் 2,290 ரூபாய் மிச்சமாகிறது. ஆனால் மொத்த வட்டி சுமார் 16.5 இலட்சத்திலிருந்து 23.2 இலட்சமாக உயர்கிறது. தவணையை ஒத்திவைத்தாலும் அக்காலத்துக்கான வட்டி பொதுவாகச் சேர்ந்துகொண்டே இருக்கும்.

90 நாள் வரம்பு

தவணை தவறிய நாளிலிருந்து முதல் 90 நாட்கள் வரை கணக்கு மூன்று படிகளில் 'சிறப்புக் கவனத்துக்குரிய கணக்கு' எனக் குறிக்கப்படுகிறது. 90 நாட்களைக் கடந்தால் அது வாராக்கடன் ஆகிறது. அதன்பின் ஈடு வைத்த வீட்டின் மீது 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி நடவடிக்கை எடுக்கலாம். ஆகவே முதல் தவணை தவறும் முன்பே வங்கியை அணுகுவது நல்லது.

வங்கிகளின் தயக்கம்

நெருக்கடியைக் காரணமாகக் காட்டி மறுசீரமைக்கப்படும் கடனை, பொது விதிப்படி, வங்கி உடனே வாராக்கடனாக வகைப்படுத்த வேண்டும். அதற்கென நிதியும் ஒதுக்க வேண்டும். வங்கிகள் தயங்குவதற்கு இது முக்கியக் காரணம். கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்ட் 6 அன்று ரிசர்வ் வங்கி அறிவித்த தீர்வுத் திட்டம் இதற்கு விலக்கு அளித்தது. அத்திட்டத்தில் தனிநபர் கடன்களின் காலத்தை அதிகபட்சம் 2 ஆண்டுகள் நீட்டிக்க முடிந்தது. மறுசீரமைப்பு கடன் தகவல் அறிக்கையிலும் பதிவாவதால், பின்னாளில் புதிய கடன் பெறுவது கடினமாகலாம்.

மாறும் வட்டியிலான வீட்டுக்கடனில் வட்டி உயர்வுதான் சிக்கல் எனில் வேறு வழி உண்டு. வட்டி மாற்றியமைக்கப்படும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டிப்பதா எனத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன்தாரருக்கு அளிக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்ட் 18 நாளிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை கூறுகிறது.

விண்ணப்பிக்கும் முறை

கடன் பெற்ற கிளையில் எழுத்து வடிவில் விண்ணப்பித்து, தேதியுடன் ஒப்புகை பெற வேண்டும். நெருக்கடிக்கான காரணம், தற்போதைய வருமானம், செலுத்தக்கூடிய தொகை, கோரும் மாற்றம் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். பணிநீக்கக் கடிதம், மருத்துவச் சான்று, வங்கிக் கணக்கு அறிக்கை போன்றவற்றை இணைக்கலாம். முடிவு தெரியும்வரை இயன்ற தொகையைச் செலுத்துவது நிலுவையைக் குறைக்கும். புதிய நிபந்தனைகளில் கையொப்பமிடும் முன் மொத்த வட்டியையும் கட்டணங்களையும் கேட்டறிவது அவசியம்.

மறுக்கப்பட்டால்

வங்கிக்கு அளித்த புகாருக்கு 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். எனினும் சேவைக் குறைபாட்டை மட்டுமே அவர் விசாரிப்பார். வங்கியின் வணிக முடிவை மாற்றமாட்டார். சர்ஃபாசி சட்டப்படி வரும் அறிவிப்பு, கடனைச் செலுத்த 60 நாட்கள் அவகாசம் தருகிறது. அதற்குள் ஆட்சேபம் தெரிவித்தால் வங்கி 15 நாட்களில் பதிலளிக்க வேண்டும். சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கையை எதிர்த்து 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம்.