கருங்கூந்தல் பொன்னிறம் ஆகுமா?

அவசரப்பட்டால் முடி கையோடு வரும்!

"செம்பட்டை முடி!"

ஒரு காலத்தில் சேலம், நாமக்கல் பக்கத்துத் தாய்மார்களுக்குப் பிடிக்காத சொல் இது. பெண் குழந்தையின் முடி சற்றுச் சிவந்திருந்தால் போதும். "பிள்ளைக்கு எண்ணெய் வைப்பதில்லையா?" என்று அக்கம்பக்கத்தார் கேட்டுவிடுவார்கள். தாயின் முகம் சுண்டிப்போகும்.

இன்று காலம் மாறிவிட்டது. காசு கொடுத்து முடியைப் பொன்னிறம் ஆக்கிக்கொள்ளும் பெண்கள் உண்டு. பையன்களும் உண்டு!

ஆசைப்படுவது தவறு அல்ல. ஆனால், முதல் தடவை செய்துகொள்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கருப்பு முடியின் மேல் பொன்னிறத்தைப் பூச முடியாது. முதலில் கருப்பை எடுக்க வேண்டும்.

நூலும் முடியும் ஒன்றே

குமாரபாளையம், பள்ளிபாளையம் சாயப்பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கருப்பு நூலில் மஞ்சள் சாயம் எடுபடாது. நூலை வெளுத்த பிறகே சாயம்.

முடியும் அப்படித்தான். முடிக்குள் "மெலனின்" என்ற நிறப்பொருள் இருக்கிறது. நம்மவர் முடியில் அது ஏராளம். பருத்தியை வெளுக்கும் அதே ஹைட்ரஜன் பெராக்சைடுதான் முடியையும் வெளுக்கிறது.

பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி தெனார் 1818-ம் ஆண்டில் அதைக் கண்டுபிடித்தார். 1867-ல் பாரிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில், அதைக்கொண்டு முடியைப் பொன்னிறம் ஆக்கிக் காட்டினார்கள்.

கருப்பு முடி ஒரே தாவாகப் பொன்னிறத்துக்குத் தாவாது. முதலில் சிவப்பு. அடுத்து ஆரஞ்சு. அதற்கும் அப்புறம்தான் மஞ்சள். அடர்ந்த கருப்பாக இருந்தால், இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். ஒரே நாளில் முடித்துவிட நினைத்தால் இழை அறுந்துபோகும்.

திருப்பதியில் பக்தர்கள் காணிக்கையாகக் கொடுக்கும் முடி ஏலத்தில் விற்கப்பட்டு, வெளிநாடுகளுக்குப் போகிறது. இத்தாலியில் அத்தகைய முடியைப் பல நாட்கள் ஊறவைத்து, மெல்ல மெல்லக் கருப்பை எடுக்கிறார்கள். வெட்டி எடுத்த முடிக்கே அவ்வளவு பொறுமை! தலையில் இருக்கும் முடிக்கு எவ்வளவு வேண்டும்?

முன்னேற்பாடு என்ன?

முன்பு மருதாணியோ, கருப்புச் சாயமோ போட்டிருந்தால் மறைக்கக் கூடாது. அழகு நிலையத்தாரிடம் சொல்லிவிட வேண்டும். சில கடைப் பொடிகளில் உலோக உப்பு கலந்திருக்கும். அதில் பெராக்சைடு பட்டால் சூடேறி முடி கெட்டுவிடும்.

பூசப்போகும் சாயத்தை 48 மணி நேரத்துக்கு முன்பே காதின் பின்புறம் சிறிது தடவிப் பார்க்க வேண்டும். அரிப்போ, தடிப்போ, வீக்கமோ கண்டால் அந்தச் சாயம் கூடவே கூடாது.

யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு சிறு கற்றையை மட்டும் வெளுத்துப் பார்ப்பது நல்லது. அது இழுத்தால் அறுகிறதா, எந்த நிறத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

முதல் நாள் தலையைத் தேய்த்துக் குளிக்க வேண்டாம். தலையில் ஊறும் எண்ணெய்ப் பசை தோலைக் காக்கும். புண்ணோ, கீறலோ இருந்தால் அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

வெளுக்கும் பொடியில் உள்ள "பெர்சல்பேட்" மூச்சிரைப்பைத் தூண்டக்கூடியது. ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. புருவத்திலும் இமையிலும் யாருமே இதைப் போடக் கூடாது. கண்ணுக்கு ஆபத்து!

ஐரோப்பிய நாடுகளில், 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உரியது அல்ல என்று முடிச் சாயப் பெட்டிகளில் எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். பெற்றோர் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

பூசியிருக்கும்போது தலை தாங்க முடியாமல் எரிந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரக் கூடாது. உடனே தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவ வேண்டும். எரிச்சல் அடங்காவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

தண்ணீரும் வெயிலும்

வெளுத்த முடி சல்லடை மாதிரி. எதையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் இருக்கும். அவை முடியில் படிந்து அதை முரடாக்கும். நிறமும் மங்கும். கடைசி அலசலுக்காவது காவிரிக் குழாய்த் தண்ணீரோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ இருந்தால் நல்லது.

சேலத்து வெயிலும் விடாது. வெளியே போகும்போது குடையோ, முக்காடோ வேண்டும்.

நாளாக ஆகப் பொன்னிறம் பழுப்பு மஞ்சளாகும். அதற்கு ஊதா நிற ஷாம்பு இருக்கிறது. வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுகிறோம் அல்லவா? அதே தந்திரம்தான். வாரம் ஒரு தடவை போதும். அளவு மிஞ்சினால் தலை ஊதாவாகும்!

நாமக்கல் முட்டையைத் தலையில் தடவலாமா? தடவலாம். ஆனால், முட்டையின் புரதம் முடிக்குள் நுழையாது. மேலே ஒரு பூச்சாக மட்டும் நிற்கும். அதே முட்டையைச் சாப்பிட்டால் உடம்புக்கும் நல்லது, வளரும் முடிக்கும் நல்லது. தேங்காய் எண்ணெய் அப்படி அல்ல. அது முடிக்குள் நுழைந்து, புரதம் கரைந்துபோவதைக் குறைக்கும். குளிக்கும் முன்பு தடவலாம்.

செலவு ஒரு தடவையோடு தீராது

முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். இரண்டு மாதத்துக்குள் வேரில் கருப்பு எட்டிப் பார்க்கும். அந்த வேரை மட்டுமே மறுபடி வெளுக்க வேண்டும். ஏற்கெனவே வெளுத்த முடியில் மருந்து படக் கூடாது.

வெளுத்த முடி மறுபடியும் தானாகக் கருக்காது. கருப்பு வேண்டும் என்றால் கருப்புச் சாயம் போட வேண்டும். அல்லது வெட்டிவிட்டுப் புது முடி வளரும்வரை பொறுக்க வேண்டும். இடுப்பளவு கூந்தல் வளர எத்தனை ஆண்டு ஆகும் என்பது பெண்களுக்குத் தெரியும்.

ஆகவே, கல்யாணமோ, கல்லூரி விழாவோ நாலு நாளில் இருக்கும்போது இந்த வேலை வேண்டாம். முதல் தடவை ஒரு கற்றையோடு நிறுத்தி, ஒரு மாதம் பார்ப்பதே புத்திசாலித்தனம். அந்தக் கற்றை உறுதியாக நின்றால், மிச்சத்தைப் பிறகு யோசிக்கலாம்!