வேற்றூரில் தங்கப் போகிறீர்களா?



நம் குழுக்களில் நன்றாகச் செயல்படும் உறுப்பினர்களைச் சமுதாய வளப் பயிற்றுநர்களாக வேறு ஒன்றியங்களுக்கு அனுப்பும் வழக்கம், 2011-ல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் தொடங்கிய பிறகு பரவலாகிவிட்டது. ஒரு ஊரில் சுமார் 15 நாள் தங்கி, வீடு வீடாகப் போய், இன்னும் குழுவில் சேராத ஏழைப் பெண்களைச் சேர்ப்பதுதான் அவர்கள் வேலை. ஆந்திரப் பெண்கள் பீகார் வரை போனார்கள். கேரளாவின் குடும்பஸ்ரீ பெண்கள் ஜார்க்கண்டில் தங்கி வேலை செய்தார்கள். மொழியே வேறு! நமக்கு அடுத்த ஒன்றியம்தானே, என்ன பெரிய கஷ்டம் என்று கேட்பீர்கள்.

தீர்மான நோட்டு எழுதுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். எங்கே தங்குவது, யார் வீட்டில் சாப்பிடுவது என்று யாரும் அதிகம் பேசுவதில்லை. ஊர் ஊராகத் தங்கிப் பார்த்த எங்களுக்குத் தெரிந்தவரை, பாதி வேலை அதிலேயே முடிவாகிவிடுகிறது.

நீங்கள் போய் இறங்கியதும் ஊரில் வசதியான ஒருவர் தன் வீட்டைக் காட்டுவார். மாடி அறை, ஃபேன், கழிப்பறை எல்லாம் இருக்கும். "வாடகையெல்லாம் எதுக்கும்மா, நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி இருந்துக்க" என்பார். நல்ல மனசோடுதான் சொல்வார். ஆனால் அந்த வீட்டுப் படியில் யார் யார் ஏறுவார்கள் என்று யோசியுங்கள். காலனிப் பெண்கள் ஏறுவார்களா? அந்த வீட்டுக்காரரிடமே வட்டிக்கு வாங்கியவர், அவர் திண்ணையில் உட்கார்ந்து "வட்டி கட்டி மாளல" என்று உங்களிடம் சொல்வாரா? நாம் யாரைத் தேடிப் போனோமோ அவர்கள்தான் வராமல் போவார்கள். நீங்கள் எந்தத் தெருவில் தங்குகிறீர்களோ அந்தத் தெருவின் ஆள் என்று ஊர் எழுதிவிடும். எங்களுக்குத் தெரிந்த ஒரு தோழி, கூட்டத்துக்குக் காலனியிலிருந்து ஒருத்தரும் வரவில்லை என்றதும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெருவுக்கும் நடுவில் இருந்த சமுதாயக் கூடத்துக்கு மாறினார். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்றார்கள்.

எனவே குழுக் கட்டடம், சமுதாயக் கூடம், தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் வீடு இப்படிப் பாருங்கள். சிறு தொகையானாலும் வாடகை கொடுத்துவிடுங்கள். உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, வாசலில் இரவு விளக்கு எரிகிறதா என்று பகலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறை இருக்கிறது என்று சொன்னால் கதவைத் திறந்து பாருங்கள். பல ஊர்களில் உள்ளே விறகுதான் அடுக்கியிருக்கும்! இருவராகத் தங்குவது நல்லது. பெண்களுக்கான உதவி எண் 181-ஐப் போனில் பதிந்து வையுங்கள்.

அடுத்தது சாப்பாடு. "எங்க வீட்ல சாப்பிடுவீங்களா?" என்று ஒரு அம்மா தயங்கித் தயங்கிக் கேட்பார். அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அந்த வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தால் அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விடும். குடிக்க மறுத்தாலும் அப்படித்தான். தினமும் ஒரே வீட்டில் சாப்பிடாமல் எல்லாத் தெருவிலும் சாப்பிடுங்கள். கஷ்டப்படும் வீடாக இருந்தால் போகும்போது கொஞ்சம் அரிசி, காய் வாங்கிப் போங்கள்.

"நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி இரண்டாம் நாளே வரும். பொய் சொல்ல வேண்டாம், சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. "நான் குழுவுக்காரிங்க, அதுதான் எனக்குச் சாதி" என்று ஒரு சகோதரி சிரித்துக்கொண்டே சொல்வார். எங்களுக்கு அந்தப் பதில் பிடிக்கும்.

முதல் இரண்டு நாள் நோட்டை எடுக்காதீர்கள். குழாயடியில் வரிசை எப்படி என்று பார்த்து உங்கள் குடத்தை வையுங்கள். மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். காப்புக் கட்டிவிட்டால் வெளியூரில் இராத்தங்கக் கூடாது என்பது பல ஊர் வழக்கம். அந்த நாட்களில் கூட்டம் வைத்தால் ஆள் வராது. ஒரு வீட்டில் கேட்ட கடன் கதையை அடுத்த வீட்டில் சொல்லாதீர்கள். பணம் கைமாற்றுக் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

வீட்டில் விட்டு வந்த பிள்ளை நினைப்பு இரவில்தான் வரும். அதற்கு வழி எங்களிடமும் இல்லை. தினமும் ஒரு நேரம் குறித்துப் போன் பேசிவிடுங்கள். ஊருக்குக் கிளம்பும் முன்பே வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் எத்தனை நாள் என்று தெளிவாகச் சொல்லிவிடுவது முக்கியம்.

உங்கள் ஊருக்கே இப்படி ஒரு பெண் வந்தால்? முதல் நாள் ஒரு குடம் தண்ணீரும் பாயும் கொடுத்து, கடைசித் தெரு வரை நீங்களே கூட்டிப் போய்க் காட்டுங்கள். எங்கே குளிப்பது, எந்த வழியில் இருட்டிய பிறகு போகக் கூடாது, தூரமான நாட்களில் துணியை எங்கே அலசிக் காயவைப்பது என்பதை அவள் வெட்கப்பட்டுக் கேட்கமாட்டாள். கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.